ஒன்றிலிருந்து ஐந்துக்குள்

செம்பனை லாரிகள் திரும்பும் முச்சந்தியில்
செலாலு கம்பெனியின் விளம்பரப் பலகை.
மலாய்க்காரப் பிள்ளை, சீனப் பிள்ளை, நம்ம பிள்ளை,
மூவரும் ஒரே கைப்பேசியைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.
அதில் என்ன தெரிகிறதோ.
அடியில் தமிழில் ஒரு வரி:
'எப்போதும் உங்களுடன்.'
அச்சடித்தவனுக்கு எழுத்து தெரியாது போல,
எப்போதும் என்ற சொல்லில்
கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்,
லாரி ஏறினது மாதிரி கிடக்கிறது.

அந்தப் பலகை நிழலில்தான் என் நாசி லெமாக் மேசை.
அங்கே ஒரு கோடு விழும், மழை இல்லாவிட்டால்.
ஒற்றைக் கோட்டில் பேச்சு வராது.
ராசிபலன் மட்டும் வரும்.

திங்கள்தோறும் வரும்:
'கடக ராசி நேயர்களே, இன்று தனலாபம்.'
வந்த கையோடு ஐந்து வெள்ளி வெட்டிவிடுவான்.
நான் கடகமும் இல்லை,
கேட்கவும் இல்லை.
ஐந்து வெள்ளி என்றால்
நெத்திலி வறுத்து, சம்பல் கிண்டி, இலை மடித்து
இரண்டரைப் பொட்டலம்.
அரைப் பொட்டலத்தை நான் யாருக்கு விற்க?

ஏழாவது தனலாபத்தன்று
மேசையைத் துடைத்துக் கவிழ்த்துவிட்டு
சுடுகாட்டு மேட்டுக்கு மோட்டார் ஏறினேன்.
சுங்கை தெரப்பில் மூன்று கோடு விழுவது
அங்கே மட்டும்தான்.
மண்டோர் சன்னாசியின் கல்லறைமேல் உட்கார்ந்தேன்.
உயிரோடு இருந்தால் விட்டிருக்க மாட்டார்.

மலாய்க்கு ஒன்று. ஆங்கிலத்துக்கு இரண்டு.
சீனத்துக்கு மூன்று.
நான்கு வரும் என்று காத்திருந்தேன்.
தமிழுக்குப் பலகையில்தான் இடம்,
சிரித்துக்கொண்டு நிற்க.

'தெக்கான் சத்து.' அழுத்தினேன்.
பிறகு பாட்டு.
நடுநடுவே ஒருத்தி:
உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியமாம்.
பாட்டு ஓட ஓடக் காசும் ஓடியது.
குச்சியால் மண்ணில் கணக்குப் போட்டேன்.
ஏழைந்து முப்பத்தைந்து.
நாற்பத்தோராம் நிமிடம்
'செலாமட் பெத்தாங், சாயா யோகமலர்.'

பெயரைக் கேட்டதும் தமிழில் கொட்டிவிட்டேன்.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.
அப்புறம் காகிதத்தைப் பார்த்து வாசிக்கிற மலாய்:
'புவான், உங்கள் சம்மதத்தின் பேரில்தான்...'
எந்தச் சம்மதம், எந்த நாள், எந்தக் கை?
உன் அப்பன் வீட்டுக் காசா என்றுகூடக் கேட்டேன்.
மண்டோரே எழுந்திருப்பார், அப்படி ஒரு கத்தல்.

குரல் இறங்கியது. தமிழில், மூச்சு விடுகிற அளவுக்கு.
'அக்கா, இங்க பதிவு ஓடுது.
பெர்ஹெந்தின்னு எழுதி அந்த நம்பருக்கே அனுப்புங்க.
ரெண்டு தடவ அனுப்புங்க, மொத தடவ கேக்காது.
போன காசு வராதுக்கா.
எங்கம்மாவுக்கும் வெட்டுனாங்க.'
உடனே மலாய், பளிச்சென்று:
'வேறு ஏதும் உதவி வேண்டுமா, புவான்?'

வேண்டியிருந்தது. கேட்கவில்லை.

இரண்டு தடவை அனுப்பினேன். நின்றது.
எழுந்து சேலையில் மண்ணைத் தட்டுவதற்குள்
இன்னொரு செய்தி:
'எங்கள் சேவை எப்படி?
ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண் அனுப்பவும்.'
எனக்கு வேண்டியது சைபர்.
சைபருக்கு அவர்கள் இடம் வைக்கவில்லை.
ஒன்று போடலாம் என்று விரல் போனது.
போட்டால் யார் தலையில் விழும்?
கோலாலம்பூரில் ஏதோ ஒரு மாடியில்
காதை மூடிய கருப்பு வளையத்தோடு
அடுத்த திட்டுக்குத் தயாராய் இருப்பாள்.
ஐந்து போட்டேன்.
யோகமலருக்கு.

நோன்புப் பெருநாள் கழிந்து பலகையை மாற்றினார்கள்.
அதே மூன்று பிள்ளைகள், அதே சிரிப்பு.
'வாடிக்கையாளர்கள் எங்களுக்குத் தந்தது
ஐந்துக்கு ஐந்து' என்று மலாயில், ஆளுயர எழுத்தில்.
தமிழ் வரியை எடுத்துவிட்டார்கள்.

லாரிக்கார வீரபத்திரன் பொட்டலத்தைப் பிரித்தபடி
அண்ணாந்து பார்த்தார்.
'எவதான் இவனுக்கு அஞ்சு போடுறா?'

அவர் இலையில்
சம்பல் இன்னொரு கரண்டி வைத்தேன்.